இடுப்பு மாற்று மூட்டு எப்படிப் பழுதாகிறது? கேள்வி பதில்

நான் மருத்துவர் இல்லை. நோயாளிகளிடமிருந்து எடுத்த செயற்கை மூட்டுகளை ஆய்வகத்தில் பார்க்கும் பொறியாளர். மாத்திரை பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

அப்பாவுக்கு மூட்டு மாற்றிப் பல வருஷமாகிறது. நடக்கும்போது உள்ளே உடைந்துவிடுமா?

உடைவது அபூர்வம். உடைந்தால் பெரும்பாலும் இப்படித்தான்: தொடை எலும்புக்குள் செருகிய உலோகத் தண்டின் கீழ்ப்பகுதி எலும்பில் இறுகியிருக்கும், மேல்பகுதி மட்டும் தளர்ந்திருக்கும். ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு சுமை ஏறும். தண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்து நிமிரும். லட்சக்கணக்கான அடிகளுக்குப் பிறகு வெளிப்பக்கத்தில் ஒரு மயிரிழை விரிசல் விழும். உடைந்த முகத்தை நுண்ணோக்கியில் வைத்தால், அலை பின்வாங்கிய மணலில் தெரிவதுபோல வரிவரியாக இருக்கும். கடைசியாகப் பிய்ந்த இடம் மட்டும் கரடுமுரடு. விழுந்ததால் உடைந்தது என்பார்கள். பல சமயம் விரிசல் அதற்கு முன்பே பாதி தூரம் போயிருக்கும்.

அப்போ அதிகம் பழுதாவது எது?

பழைய மூட்டுகளில், பிளாஸ்டிக் லைனரின் தேய்மானம். தண்டின் தலையிலுள்ள பந்து இடுப்பெலும்பில் வைத்த கிண்ணத்துக்குள் சுழலும்; அந்தக் கிண்ணத்தின் உள் உறைதான் லைனர். அதன் துகள்களை உடலின் செல்கள் விழுங்கும், செரிக்க முடியாது. அந்த எரிச்சலில் சுற்றியுள்ள எலும்பு கரையும், மூட்டு தளரும். இந்த அறுவை சிகிச்சையின் முன்னோடியான பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் சார்ன்லி முதலில் டெஃப்லான் கிண்ணம் வைத்தார், சீக்கிரமே தேய்ந்துபோனது. 1962-இல் பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகுதான் இந்த அறுவை சிகிச்சை நிலைத்தது. மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த இப்போதைய குறுக்குப் பிணைப்புப் பிளாஸ்டிக் இன்னும் மிகக் குறைவாகத் தேய்கிறது.

பந்து, கிண்ணம் இரண்டுமே உலோகமான மூட்டு ஏன் தோற்றது?

2010-இல் டீப்யூ நிறுவனம் திரும்பப் பெற்ற ஏஎஸ்ஆர் என்ற மூட்டில் கிண்ணம் ஆழம் குறைவு. சற்றே சாய்ந்து பொருத்தினாலும் பந்து விளிம்பில் உரசும், இடையிலுள்ள திரவப் படலம் அறுந்துவிடும். கோபால்ட், குரோமியம் கசிந்து தசையைக் கெடுக்கும். அப்படிப்பட்ட மூட்டு இருந்தால் ரத்தத்தில் இந்த இரண்டின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு செராமிக் (பீங்கான் வகை) மூட்டு. கீச்சென்று சத்தம் வருகிறது.

சத்தம் மட்டும் என்றால் உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. திடீரென நறநறவென்று கேட்டு, வலியும் சேர்ந்தால் உடனே காட்டுங்கள். உடைந்திருந்தால், மீந்த சில்லுகள் அடுத்து வைக்கும் உலோகப் பந்தையே அராவிவிடும்.

வலியே இல்லையே, எக்ஸ்ரே எதற்கு?

எலும்பு கரைவது பெரும்பாலும் வலிக்காது என்பதால்தான். அப்புறம், பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். கிண்ணம் இடம் மாறியதா, தண்டு இறங்கியதா என்பது ஒரே படத்தில் தெரியாது. முந்தையதைப் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.