பாஸ்டர் தன்னை 'அப்போஸ்தலர்' என்கிறார். அவர் சொல்லை மீறலாமா?

கேள்வி: அம்பத்தூர் பக்கம் ஒரு சுயாதீன சபைக்குப் போகிறோம். இந்த வருடக் கன்வென்ஷன் பேனரில் எங்கள் பாஸ்டர் பெயருக்கு முன்னால் 'அப்போஸ்தலர்' என்று போட்டிருந்தார்கள். மகளுக்கு வந்த வரனை, "அப்போஸ்தலனாகச் சொல்கிறேன், வேண்டாம்" என்று தட்டிவிட்டார். மீறினால் கர்த்தரையே மீறியதாகுமா?

பதில்: ஆகாது, சகோதரி. மகளின் விருப்பத்தைக் கேட்டு நீங்களே முடிவெடுக்கலாம்.

இயேசு தெரிந்தெடுத்த பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவனான யூதாஸின் இடத்துக்கு ஆள் தேடியபோது பேதுரு சொன்ன தகுதி கடினமானது: யோவான் ஞானஸ்நானம் கொடுத்த நாள் முதல் இயேசுவோடு இருந்தவர், அவர் உயிர்த்தெழுந்ததற்குச் சாட்சியாக வேண்டும் (அப்போஸ்தலர் 1:21-22). அப்படித்தான் மத்தியா வந்தார். பிறகு யாக்கோபை ஏரோது கொன்றபோது, அவர் இடத்துக்கு யாரையும் தெரிந்தெடுத்ததாக வேதத்தில் இல்லை. அந்தப் பன்னிருவர் வரிசை அதோடு சரி. அவர்களுடைய பணி ஆயர்கள் வழியாகத் தொடர்கிறது என்பது கத்தோலிக்கர் நம்பிக்கை. ஆனாலும் சாந்தோமில் எந்த ஆயரும் தன்னை இன்னொரு தோமா என்று சொல்லிக்கொள்வதில்லை.

பெந்தெகொஸ்தே சபைகளில் பலர், கிறிஸ்து சபைக்குச் சிலரை அப்போஸ்தலராகத் தந்தார் என்னும் எபேசியர் 4:11-ஐக் காட்டுவார்கள். பன்னிருவரில் இல்லாத பர்னபாவும் அப்போஸ்தலர் எனப்பட்டாரே என்பார்கள். நியாயமான வாதம்தான். சபையே இல்லாத ஊருக்குப் போய் ஊழியம் தொடங்குகிறவரை அப்படி அழைத்தால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். (பேனரில் தானே போட்டுக்கொள்வது வேறு கதை.)

சரி, பட்டம் இருந்துவிட்டுப் போகட்டும். அதை வைத்து உங்கள் வீட்டுக் கல்யாணத்தை நிறுத்துவதுதான் இடிக்கிறது. கல்யாண விஷயத்தில் அப்போஸ்தலரான பவுலே என்ன செய்தார், பாருங்கள்: கன்னிகைகளைப் பற்றிக் கர்த்தரிடமிருந்து தனக்குக் கட்டளை இல்லை, தன் அபிப்பிராயத்தையே சொல்வதாக எழுதினார் (1 கொரிந்தியர் 7:25). அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது முகத்துக்கு நேரே எதிர்த்தார். எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகையில், யாரும் குறைசொல்லக் கூடாதென்று மற்றவர்களையும் கூட அனுப்பினார். ஆரம்பகாலச் சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் 'திதாக்கே' என்ற பழைய நூலோ இன்னும் கறார்: வந்த அப்போஸ்தலர் மூன்று நாள் தங்கினாலோ, பணம் கேட்டாலோ, அவர் கள்ளத் தீர்க்கதரிசி!

பாஸ்டரிடம் நேரில் கேளுங்கள், வரனிடம் என்ன குறை என்று. குடி, கடன், முதல் கல்யாணம் என்று ஏதாவது தெரிந்து சொல்கிறார் என்றால் கட்டாயம் விசாரியுங்கள். காரணமே சொல்லாமல் சாபம் வரும் என்று மிரட்டினால் மாப்பிள்ளை வீட்டாரோடு மேற்கொண்டு பேசுங்கள். அவர் நடத்திவைக்க மறுத்தாலும் கவலை வேண்டாம். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள வேறு பாஸ்டர் நடத்திவைக்கலாம்.