லத்தீன் பூசைக்கு அப்பால்: மரபுவழிக் கத்தோலிக்கர் பற்றி வாசகர் கேள்விகள்

1960களின் சீர்திருத்தங்களுக்கு முந்தைய பூசையையும் போதனையையும் விடாமல் பிடித்திருப்பவர்களே மரபுவழிக் கத்தோலிக்கர். அவர்களுடைய பழைய லத்தீன் பூசை பற்றி எழுதியபின் வந்த கடிதங்களில் பல, பூசையைத் தாண்டிய விஷயங்களைக் கேட்டிருந்தன. பதில் சொல்ல வேண்டிய சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

லத்தீன் பூசையை எல்லாக் கோவில்களிலும் அனுமதித்துவிட்டால் இவர்கள் சமாதானம் ஆகிவிடுவார்களா?

ஆக மாட்டார்கள். ஏறக்குறைய அதே முயற்சி ஒருமுறை நடந்திருக்கிறது. 2007 ஜூலையில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், பழைய லத்தீன் பூசைக்கான 1962ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பயன்படுத்தக் குருக்களுக்குத் தாராளமாக வழி திறந்துவிட்டார். 1988இல் பேராயர் மார்செல் லெஃபெவ்ர் ரோமின் அனுமதியின்றி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்திருந்தார். அந்த நால்வர்மீது இருந்த சபைவிலக்கையும் 2009 ஜனவரியில் பெனடிக்ட் நீக்கினார். லெஃபெவ்ர் நிறுவிய புனித பத்தாம் பயஸ் சபை முன்நிபந்தனையாகக் கேட்டிருந்தவை இந்த இரண்டும்தான். அப்புறம் 2009 முதல் 2011 வரை இரு தரப்பு இறையியலாளர்களும் ரோமில் உட்கார்ந்து பேசினார்கள். சமய சுதந்திரம், பிற கிறிஸ்தவ சபைகளோடு ஒன்றிப்பு, ஆயர்களின் கூட்டு அதிகாரம் என்று ஒவ்வொன்றாக அலசினார்கள். உடன்பாடு வரவில்லை.

2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் பழைய பூசையை மீண்டும் கட்டுப்படுத்தியபோது ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பாருங்கள். 1962 முதல் 1965 வரை உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தையே ஏற்க மறுக்கும் போக்கு அந்தப் பூசையைச் சுற்றி வளர்கிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த மதிப்பீடு எல்லா மரபுவழியினருக்கும் பொருந்தாது என்பது என் கருத்து. ஆனாலும் சச்சரவின் மையம் எங்கே இருக்கிறது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள். திருச்சபை ஒரு காலத்தில் உறுதியாகக் கற்பித்ததை, அதே திருச்சபை பின்னொரு காலத்தில் வேறாகச் சொல்ல முடியுமா? மற்ற எல்லாமே இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளைக்கின்றன.

சமய சுதந்திரத்தை எதிர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்தச் சுதந்திரம் இருப்பதால்தானே இந்தியாவில் நாம் கோவில் கட்டி வாழ்கிறோம்?

இது கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டிய விஷயம். 1864 டிசம்பர் 8 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் ஒரு சுற்றுமடலும் (திருச்சபைக்குத் திருத்தந்தை எழுதும் போதனைக் கடிதம்), அதோடு 80 தவறான கருத்துகளின் பட்டியலும் வெளியிட்டார். மனச்சாட்சி சுதந்திரமும் வழிபாட்டுச் சுதந்திரமும் ஒவ்வொரு மனிதனின் உரிமை, அதை எல்லா நாடுகளும் சட்டமாக்க வேண்டும் என்ற கருத்தை அந்தச் சுற்றுமடல் கண்டித்தது. 1925இல் பதினோராம் பயஸ் கிறிஸ்து அரசர் திருநாளை ஏற்படுத்தினார். தனிமனிதர் மட்டுமல்ல, அரசுகளும் ஆட்சியாளர்களும் கிறிஸ்துவைப் பொதுவில் வணங்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே அந்தத் திருநாளின் நோக்கம். நாற்பது ஆண்டு கழித்து, 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய சுதந்திர அறிக்கையை 2,308 வாக்குகள் ஆதரவாகவும் 70 எதிராகவும் நிறைவேற்றியது. சமய விஷயத்தில் யாரையும் வற்புறுத்தக் கூடாது, நியாயமான எல்லைக்குள் யாரையும் தடுக்கவும் கூடாது, இது மனித மாண்பில் வேரூன்றிய உரிமை என்று அது சொல்கிறது.

1864 சுற்றுமடலையும் 1965 அறிக்கையையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் யாருக்கும் ஒரு நெருடல் வரும். வரவில்லை என்று சொல்பவர் சரியாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். லெஃபெவ்ர் 1985இல் இந்த நெருடலை நீண்ட ஐயக்குறிப்பாகவே எழுதி ரோமுக்கு அனுப்பினார். மரபுவழியினர் இங்கே ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். பொது அமைதிக்காக ஓர் அரசு பிற மதங்களைப் பொறுத்துக்கொள்ளலாம், பல சமயம் பொறுத்தே ஆக வேண்டும். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1888லேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் பொறுத்துக்கொள்வது வேறு, தவறானதைப் பரப்ப ஒருவருக்கு உரிமை உண்டு என்பது வேறு என்கிறார்கள்.

ஆகவே சமய சுதந்திரம் தரும் நம் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவை எடுத்துவிட வேண்டும் என்பது இவர்கள் வாதம் அல்ல. இவர்கள் மனதில் இருப்பது ஸ்பெயின் போன்ற கத்தோலிக்க நாடுகள். சங்கம் முடிந்த கையோடு 1967இல் ஸ்பெயின் தன் சட்டத்தை அதற்கேற்ப மாற்றியது. ஒரு கத்தோலிக்க நாட்டின் அரசே கிறிஸ்துவின் அரசுரிமையை விட்டுவிட ரோம் காரணமானது என்ற வலி இவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. புதிய நாட்காட்டியில் கிறிஸ்து அரசர் திருநாள் அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து வழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு நகர்ந்ததைக்கூட, அவருடைய ஆட்சியை உலக முடிவுக்குத் தள்ளிவைத்ததாகவே பார்க்கிறார்கள்.

என் நிலை இது. உண்மையான மதத்துக்கு மனிதருக்கும் சமூகங்களுக்கும் உள்ள கடமை பற்றிய மரபுப் போதனையைத் தொடாமல் விடுவதாகச் சங்க அறிக்கை தன் முதல் பகுதியிலேயே சொல்கிறது. 2005 டிசம்பரில் பெனடிக்டும், அடிப்படைக் கொள்கை தொடர்கிறது, காலச் சூழலைச் சார்ந்த முடிவுகள்தான் மாறின என்று விளக்கினார். அந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் இரண்டும் எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பங்குகளில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கேள்வி கேட்டவர்களைப் பிற்போக்காளர் என்று ஒதுக்கியது பெரிய அநியாயம்.

என் பாட்டி இந்துவாகவே வாழ்ந்து இறந்தவர். திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்கிறார்களே, அவர் நரகத்தில் இருப்பதாகவா இவர்கள் நம்புகிறார்கள்?

அம்மா, அப்படி யாரும் உங்களிடம் சொல்லியிருந்தால் அது மரபுப் போதனையே அல்ல. 1864இல் கண்டனப் பட்டியல் வெளியிட்ட அதே ஒன்பதாம் பயஸ், அதற்கு முந்தைய ஆண்டு எழுதிய சுற்றுமடலில், தம் குற்றமின்றி உண்மை மதத்தை அறியாமல், இயற்கை நீதியைக் கடைப்பிடித்து வாழ்பவர்கள் இறை அருளால் நிலைவாழ்வு பெற முடியும் என்கிறார். அமெரிக்காவின் பாஸ்டனில் ஃபீனி என்ற இயேசு சபைக் குரு ‘திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை’ என்ற வாசகத்தை மிகக் கடுமையாக விளக்கியபோது, 1949இல் ரோம் அவரைத் திருத்தி எழுதியது. 1953இல் சபைவிலக்கும் செய்தது. இதெல்லாம் சங்கத்துக்கு முந்தைய ரோம். லெஃபெவ்ரும் இதே வழியில்தான் கற்பித்தார்: பிற மதத்தில் இருப்பவர் மீட்படையலாம், ஆனால் மீட்பது கிறிஸ்துவே, அந்த மதம் அல்ல.

இவர்கள் கோபப்படுவது வேறொன்றுக்கு. 1986 அக்டோபர் 27 அன்று அசிசியில் இரண்டாம் ஜான்பால் பல மதத் தலைவர்களை அழைத்து நடத்திய செப நாள், எல்லா மதங்களும் சமம் என்ற எண்ணத்தை விதைத்துவிட்டது என்கிறார்கள். 1988 ஆயர் அபிஷேகங்களுக்கு லெஃபெவ்ர் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. உங்கள் பாட்டிக்காகச் செபியுங்கள், பூசை ஒப்புக்கொடுங்கள்.

இவர்கள் பாப்பரசரை ஏற்காதவர்கள்தானே?

எல்லாரையும் ஒரே கூடையில் போடாதீர்கள். 1988இல் லெஃபெவ்ரை விட்டுப் பிரிந்து தொடங்கிய புனித பேதுரு குருக்கள் சபை ரோமோடு முழு ஒன்றிப்பில் இருக்கிறது. பத்தாம் பயஸ் சபை திருத்தந்தையை ஏற்று, பூசையில் அவர் பெயரைச் சொல்லிச் செபிக்கிறது. பல விஷயங்களில் கீழ்ப்படிய மறுக்கிறது. 1958இல் பன்னிரண்டாம் பயஸ் இறந்ததிலிருந்து பேதுருவின் இருக்கை, அதாவது திருத்தந்தையின் பதவி, காலியாகக் கிடக்கிறது என்பவர்கள் தனி, சிறு கூட்டம்.

அன்றாட வாழ்க்கையில் இவர்கள் எதில் வேறுபடுகிறார்கள்?

முதலில் ஒருசந்தியில், அதாவது நாளுக்கு ஒரு முழுச் சாப்பாடு மட்டும் என்ற நோன்பில். திருச்சபையின் 1917 சட்டத்தொகுப்பின் பொது விதிப்படி தவக்காலத்தில் ஞாயிறு தவிர எல்லா நாளும் ஒருசந்தி. ஆண்டில் நான்கு முறை, பருவத்துக்கு ஒன்றாக, புதன், வெள்ளி, சனி என்று மூன்று நாள் ஒருசந்தியும், இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும் இருந்தன. நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் ஒன்றும் உண்ணக் கூடாது. 1953 வரை தண்ணீர்கூடக் கூடாது. 1957இல் அது மூன்று மணி நேரமாகவும் 1964இல் ஒரு மணி நேரமாகவும் சுருங்கியது. இன்று கட்டாய ஒருசந்தி திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. மரபுவழிக் குடும்பங்கள் பலவும் பழையவற்றில் முடிந்ததைத் தாமாகவே கைக்கொள்கின்றன. இதில் நான் முழுக்க இவர்கள் பக்கம். தவத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டால் பெரும்பாலோர் அதை விட்டேவிடுவார்கள் என்பதை நம் பங்குகளிலேயே பார்க்கிறோம்.

அடுத்தது பிள்ளைகளின் ஞானோபதேசம், அதாவது மறைக்கல்வி. கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யவைக்கும் பழைய முறையை விடமாட்டார்கள். மேலைநாடுகளில் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைப்பவர்களும் உண்டு. செயற்கைக் கருத்தடை கூடாது என்ற 1968 சுற்றுமடலை அப்படியே கடைப்பிடிப்பதால் பெரிய குடும்பங்கள் சகஜம். முக்காடு பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். பெண்கள் கோவிலில் தலையை மூட வேண்டும் என்ற விதி 1917 சட்டத்தில் இருந்தது, 1983 சட்டத்தில் இல்லை. சேலைத் தலைப்பால் முக்காடிடும் நம் பெண்களுக்கு இது புதிதாகத் தெரியாது.

யூத வெறுப்பு இவர்களிடம் உண்டு என்பது உண்மையா?

சிலரிடம் இருந்தது, இன்னும் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. லெஃபெவ்ர் அபிஷேகம் செய்த நால்வரில் ஒருவரான ஆயர் ரிச்சர்ட் வில்லியம்சன், நாஜிகளின் நச்சுவாயு அறைகளை மறுத்துப் பேசிய பேட்டி 2009 ஜனவரியில் ஒளிபரப்பானது. பத்தாம் பயஸ் சபை அவரை 2012இல் வெளியேற்றியது. மரபு என்ற பெயரில் இதைப் பேசுபவர்களிடம், இன வழிபாட்டைக் கண்டித்துப் பதினோராம் பயஸ் 1937இல் ஜெர்மன் மொழியிலேயே எழுதிய சுற்றுமடலை நீட்டுங்கள். அதுவும் மரபுதான்.

பத்தாம் பயஸ் சபைக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) செய்தால் செல்லுமா? திருமணம்?

பாளையங்கோட்டையில் இச்சபையின் குருமனை இருப்பதால் இது நம்மவர் அடிக்கடி கேட்பது. பாவசங்கீர்த்தனம் செல்லும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் இரக்கத்தின் ஆண்டுக்காக அந்த அதிகாரத்தைத் தந்தார். 2016 நவம்பரில் அதைத் தொடர்ந்து நீட்டித்தார். திருமணத்துக்கு 2017இல் வழி செய்யப்பட்டது, ஆனால் அது மறைமாவட்ட ஆயர் தரும் அனுமதியைப் பொறுத்தது. கோவிலில் திருமண அறிவிப்பான ஓலை சொல்வதற்கு முன்பே உங்கள் ஆயரகத்தில் கேட்டு, அந்த அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.