சீனி வருத்தக்காரருக்கு ஊரில் கண் பரிசோதனை வைக்க என்ன தேவை?

கேட்டவர் புதுக்குடியிருப்புப் பக்கம். மாதர் சங்கம் பொதுநோக்கு மண்டபத்தில் நடத்தப் போகிறதாம், விழித்திரையைப் படம் எடுக்கும் கமரா ஒரு நாளைக்கு இரவல் கிடைக்குமாம், வேறென்ன வேண்டும் என்கிறார்.

ஒரு சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பி வேண்டும். பெயர், வீட்டில் போன் வைத்திருப்பவரின் இலக்கம், சீனி வந்து எத்தனை வருடம், பிரஷர் உண்டா, இரண்டு கண்ணின் பார்வை, படத்தின் முடிவு, எங்கே அனுப்பினோம், போனாரா. "போனாரா" என்ற அந்தக் கடைசி நிரல்தான் முழு வேலையும். பதாகையோடு நின்று "இத்தனை பேரைப் பார்த்தோம்" என்பவர்கள் அதைக் காட்டுவதில்லை.

நாள் குறிக்க முன்னம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடும், படங்களைப் பார்த்து முடிவு சொல்லப்போகும் கண் வைத்தியரோடும் பேசி விடுங்கள். டொக்டர் இல்லாமல் கண் பார்ப்பதா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். மண்டபத்தில் யாரும் நோயைத் தீர்மானிக்கப் போவதில்லை. படம் எடுப்பதைப் பழகியவர் எடுக்கலாம், முடிவை வைத்தியர் சொல்வார். கருமணியை விரிக்கும் துளிமருந்தைத் தாதியோ வைத்தியரோதான் விட வேண்டும். காலபோக அறுவடை நடக்கும் நாட்களையும் வற்றாப்பளைப் பொங்கல் கிழமையையும் தவிருங்கள், ஆள் வராது.

கிளினிக் என்றால் வெறுவயிற்றோடு வருவது நம் சனத்தின் பழக்கம். இதற்குச் சாப்பிட்டு, குளிசை போட்டு, இன்சுலின் ஏற்றுபவர் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று வீட்டுக்கு வீடு சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பத்து மணிக்கு ஒருவர் சீனி குறைந்து வியர்த்து விழுவார். எல்லோரையும் காலை ஏழு மணிக்கே வரச் சொல்லி வாங்கில் இருத்தும் வழக்கத்தை நீங்களாவது விடுங்கள். முதல் பஸ்ஸில் வந்து மத்தியானம் வரை காத்திருக்கும் வயதானவர் அடுத்த வருடம் வரமாட்டார். மணிக்கு எட்டுப் பேர் போதும்.

பார்வையை 6 மீற்றரில் அட்டை வைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பாருங்கள், துளிமருந்து விட முன்னம். எழுத்து மங்கினால் சிறு துளையிட்ட அட்டையூடாகப் பார்க்கச் சொல்லுங்கள். துளையூடாகத் தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியால் சரிவரும். தெளியாவிட்டால் வெண்படலமோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை: ஊருக்குள் வந்து கண்ணாடி விற்பவர்கள் சீனி 300இல் நிற்பவருக்கும் அன்றே அளவு எடுத்துக் காசு வாங்குகிறார்கள். சீனி ஏறினால் கண் வில்லையின் பவர் மாறும். சீனி இறங்கிச் சில கிழமைகளில் அந்தக் கண்ணாடி உதவாது. ஏழைகளின் காசு.

துளிமருந்து விட்டால் கருமணி விரிய 20, 30 நிமிடம் செல்லும். பிறகு நாலைந்து மணித்தியாலம் வெளிச்சம் கூசும், மோட்டார்சைக்கிள் ஓடவே கூடாது. கண் நோவு, தலையிடி, சத்தி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். ஒரு கண்ணுக்கு இரண்டு படம்: ஒன்று பார்வைப் புள்ளியை (விழித்திரையில் கூர்மையான பார்வை தரும் இடம்) நடுவில் வைத்து, மற்றது நரம்புத் தட்டை (பார்வை நரம்பு விழித்திரையோடு சேரும் வட்டம்) நடுவில் வைத்து. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்தால் அது கமராக் கண்ணாடியில் ஒட்டிய புழுதி. துடைத்துவிட்டு எடுங்கள்.

தெளிவில்லாத படத்தை "பிரச்சினை இல்லை" என்று எழுதுவதுதான் நடக்கும் பெரிய பிழை. தெளியாத படம் என்றால் கண் கிளினிக்குக்குப் போக வேண்டியவர் என்று அர்த்தம். அதேபோல் "எனக்கு நல்லாத் தெரியுது" என்பவரையும் விடாதீர்கள். விழித்திரையில் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகும் நீண்ட காலம் பார்வை தெளிவாகவே இருக்கும். திடீரென்று நூலாம்படை மிதப்பதுபோல் தெரிந்தாலோ திரை விழுந்தாலோ பரிசோதனை நாளுக்குக் காத்திருக்கக் கூடாது.

விழித்திரைக்கு லேசர் ஒளிச் சிகிச்சை செய்ய அனுப்பப்படுபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: லேசர் பார்வையைக் கூட்டாது, இருப்பதைக் காக்கும், பல தரம் போக வேண்டி வரும். இதைக் கேளாதவர் முதல் தரம் செய்துவிட்டு "தெரியேல்லை, பிழைச்சுப் போச்சு" என்று நிறுத்திவிடுகிறார். கூடப் போக ஒருவரையும் பஸ் காசையும் அன்றே ஒழுங்கு செய்யுங்கள். படம் நன்றாக இருந்தவருக்கு அடுத்த வருடத் திகதியைக் கிளினிக் கொப்பியின் முன்மட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். உள்ளே எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.