அலெக்சாண்டர் அவசரக்காரரா?

வணக்கம் சார்,

கொஞ்ச நாளாக அலெக்சாண்டரின் போர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிரானிகஸ் ஆற்றில், எதிர்க்கரையில் பாரசீகக் குதிரைப்படை நிற்கும்போதே தண்ணீரில் இறங்குகிறார். அவருடைய தளபதி கிளீடஸ் பாய்ந்து வந்து எதிரியின் கையை வெட்டியிருக்காவிட்டால் அன்றே கதை முடிந்திருக்கும். இஸ்ஸஸ், கௌகமேலா போர்களில் பாரசீகப் பேரரசர் டாரியஸ் ஓடிப்போனார். இதில் போர்த்திறமை எங்கே இருக்கிறது? துணிச்சல், அவசரம், அதிர்ஷ்டம், அப்பா விட்டுப்போன நல்ல படை, இவ்வளவுதானே? பஞ்சாபில் ஜீலம் ஆற்றங்கரைப் போரில் உண்மையில் ஜெயித்தது அந்தப் பகுதி மன்னர் போரஸ்தான் என்று யூடியூபில் வேறு அடித்துச் சொல்கிறார்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவின் படை என்பது சரி. ஐந்தாறு மீட்டர் நீள ஈட்டி, ஆப்பு வடிவில் பாயும் குதிரைப்படை, சாமான் வண்டிகளைக் குறைத்துவிட்டு வீரர்களையே மாவு மூட்டையைச் சுமக்கவைத்தது எல்லாம் அப்பா இரண்டாம் பிலிப்பின் வேலை. கிரானிகஸும் நீங்கள் சொல்கிறபடிதான். தன் உயிர் விஷயத்தில் அலெக்சாண்டர் பொறுப்பே இல்லாதவர். பிற்காலத்தில் பஞ்சாபில் மல்லிகள் என்ற இனத்தாரின் கோட்டைக்குள் இரண்டு மூன்று பேரோடு சுவரேறிக் குதித்து, நெஞ்சில் அம்பு வாங்கியவர்.

ஆனால் படையை நடத்தியதிலும் அவர் அவசரக்காரர் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தேதிகளைப் பாருங்கள். இஸ்ஸஸ் போர் கி.மு. 333 நவம்பர். கௌகமேலா கி.மு. 331 அக்டோபர். நடுவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம். டாரியஸ் கிழக்கே ஓடிக்கொண்டிருக்கிறார், அவருடைய அம்மா, மனைவி, குழந்தைகள் எல்லாம் அலெக்சாண்டரின் கையில். அவசரக்காரர் பின்னாலேயே துரத்தியிருப்பார். இவர் தெற்கே திரும்பி, கடற்கரையோரமாக ஊர் ஊராகப் பிடித்துக்கொண்டு போகிறார்.

காரணம் கப்பல்கள். பாரசீகக் கடற்படை அப்போதும் ஈஜியன் கடலில் இருந்தது. அலெக்சாண்டரோ கட்டுப்படியாகவில்லை என்று தன் கடற்படையின் பெரும்பகுதியை முந்தைய வருடமே மிலேட்டஸ் துறைமுகத்தில் கலைத்திருந்தார். பாபிலோனுக்குப் போய்விட்டால் முதுகுப்பக்கம் கிரீஸ் கலகத்தில் இறங்கும். ஸ்பார்ட்டா அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்துப் போர்க்கப்பல் ஒன்றில் துடுப்புப் போடுகிறவர்கள் மட்டும் 170 பேர். சாப்பாடும் குடிதண்ணீரும் வைக்க இடம் கிடையாது, அடிக்கடி கரை ஒதுங்கியாக வேண்டும். ஒதுங்குகிற துறைமுகங்களை நிலத்தின் வழியாக வந்து பிடித்துவிட்டால்? அந்த மாலுமிகளின் சொந்த ஊர்களும் அவைதான். பிப்லோஸ், சீதோன் சரணடைந்ததும் பாரசீகர்களிடம் இருந்த பினீசிய (இன்றைய லெபனான் கடற்கரை) கப்பல்கள் தாமாகவே இவர் பக்கம் வந்துசேர்ந்தன. சைப்ரஸிலிருந்து இன்னும் 120 வந்தன. ஒரு கடற்போர்கூட இல்லாமல் எதிரியின் கடற்படை இவருடையதாகிவிட்டது. என் பார்வையில் அவர் எடுத்த முடிவுகளிலேயே பெரியது இதுதான். இதைப் பற்றி யாரும் படம் வரைவதில்லை, குதிரையில் பாய்வதைத்தான் வரைகிறார்கள்.

பணியாத ஊர் டைர், தமிழ் பைபிளில் தீரு என்று வருவது. கரையிலிருந்து சுமார் 800 மீட்டர் தள்ளி, தீவு. ஏழு மாதம் அங்கே உட்கார்ந்திருந்தார். கரையில் இருந்த பழைய ஊரின் வீடுகளை இடித்த கல்லையும் லெபனான் மரங்களையும் கடலில் கொட்டிப் பாதை போட்டார். எரியும் கப்பலை மோதவிட்டு டைர்காரர்கள் அதை நாசமாக்கினார்கள். இன்னும் அகலமாக மறுபடி போட்டார். மண் சேர்ந்து சேர்ந்து டைர் இன்றுவரை தீவாகத் திரும்பவில்லை, லெபனானில் ஒரு தீபகற்பம். நகரம் விழுந்தபோது 8,000 பேர் கொல்லப்பட்டார்கள், 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் அரியன். போர்த்திறமை என்று நாம் பேசுவது இதையும் சேர்த்துத்தான்.

இந்தத் தாமதத்தால் டாரியஸுக்கும் லாபம் இருந்தது. பெரிய படை திரட்டினார், கௌகமேலாவில் தேர் ஓடுவதற்காக நிலத்தையே சமன்படுத்தினார். அலெக்சாண்டர் நேராக மோதாமல் படையை வலப்பக்கமாகவே நகர்த்திக்கொண்டு போனார். சமன்படுத்திய நிலத்தைத் தாண்டிவிடுவாரோ என்று பாரசீகர்கள் தங்கள் இடது சாரியை நீட்டி வளைக்க வந்தார்கள். அவர்களைத் தடுக்கச் சின்னச் சின்னப் பிரிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பி அடிவாங்கவிட்டார், தன் சிறந்த குதிரைப்படையைத் தொடவில்லை. எதிரி வரிசையில் இடைவெளி விழுந்த பிறகுதான் ஆப்பு உள்ளே போனது. டாரியஸ் ஓடியது அதற்கப்புறம். ஓடவைத்தார்கள் என்று சொல்வதே சரி.

இப்போது ஜீலம், கி.மு. 326. மழைக்காலம், ஆறு பெருகி ஓடுகிறது, எதிர்க்கரையில் யானைகள். பழக்கமில்லாத குதிரை யானையைக் கண்டால் தெப்பத்திலிருந்தே குதித்துவிடும் என்பதால் நேர் எதிரே கடக்க வழியில்லை. ஆகவே இரவானால் குதிரைப்படையைக் கரையோரம் மேலும் கீழும் ஓட்டிக் கூச்சல் போடவைத்தார். சத்தம் போன பக்கமெல்லாம் போரஸ் யானைகளோடு போனார். பல இரவுகள் இப்படியே. புலி வருது கதைதான், கடைசியில் போரஸ் அசைவதை நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம், தண்ணீர் வற்றும்வரை தங்கப்போகிறவர் மாதிரி முகாமில் தானியம் வந்து குவிந்துகொண்டிருந்தது. சிந்து நதியில் பயன்படுத்திய படகுகளைத் துண்டு துண்டாக அறுத்து நிலத்தின் வழியே கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். சுமார் 27 கிலோமீட்டர் மேலே, காடு மறைத்த ஒரு தீவுப்பக்கம், இடியும் மழையுமான இரவில் கடந்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது முகாமில் விட்டுப்போன தளபதி கிரேடரஸுக்குக் கொடுத்த உத்தரவு. போரஸ் யானைகளில் ஒரு பகுதியை மட்டும் என் பக்கம் கொண்டுவந்தால் நீ நகராதே, எல்லாவற்றையும் கொண்டுவந்தால் உடனே கட. இந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் அடி. போரஸ் ஒன்றும் முட்டாள் இல்லை. முதலில் மகனைத் தேர்களோடு அனுப்பிப் பார்த்தார். தேர்கள் சேற்றில் சிக்கின, மகன் இறந்தான். பிறகு கரையில் சில யானைகளை விட்டுவிட்டுத் தானே போனார். அந்த நிலையில் நீங்களோ நானோ இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

யூடியூப்காரர்களின் வாதம், ஜெயித்தவர் ஏன் போரஸிடமே நாட்டைத் திருப்பிக் கொடுத்தார் என்பது. அது அவருடைய வழக்கம். கௌகமேலாவில் எதிர்த்துப் போரிட்ட மசேயஸ் பாபிலோனைத் திறந்துவிட்டதும், அவரையே அங்கே ஆளுநராக்கினார். எல்லையில் ஊர் தெரிந்த ஒருவர் ஆளவேண்டும், அவ்வளவுதான். நம்மிடம் இருக்கும் பழைய விவரங்கள் எல்லாம் கிரேக்க, ரோமானிய எழுத்துகள், அவற்றில் மிகை உண்டு. ஆனால் அலெக்சாண்டர் ஜீலத்தில் தோற்றார் என்றால், அதற்குப் பிறகு செனாபையும் ராவியையும் தாண்டி பியாஸ் வரை கிழக்கே போனது எப்படி, வழியில் பிடித்த இடங்களைப் போரஸிடமே சேர்த்துக் கொடுத்தது எப்படி என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.