ஆள் உயரம் வளர்ந்தும் காய்க்காத ராஸ்பெர்ரி

கேள்வி: ஐயா, மலேசியாவில், கேமரன் மலை அடிவாரத்துத் தாப்பாவில் தோட்டத்து வீட்டில் இருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கேமரன் மலையில் வாங்கி வந்த சிவப்பு ராஸ்பெர்ரி ஆள் உயரம் வளர்கிறது, ஒரு பழமும் இல்லை. மாதம் ஒருமுறை முருங்கையை வெட்டுவதுபோல் நுனியை வெட்டிவிடுகிறேன். உரம் போதவில்லையா?

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள் அம்மா. முதல் சிக்கல் குளிர். சிவப்பு ராஸ்பெர்ரி பனி பெய்யும் நாட்டுச் செடி. பல ரகங்கள் குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 800 மணி நேரமாவது கிடந்தால்தான் மறு வருடம் ஒழுங்காக மொட்டுவிடும். கேமரன் மலையில் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா ஊரிலேயே அந்தக் குளிர் கிடையாது. குளிர் அதிகம் கேட்காத ரகங்களும் உண்டு. உங்களுடையது அதுவாக இருந்தால் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

இரண்டாவது சிக்கல் உங்கள் கத்தி. முருங்கை வெட்ட வெட்டத் துளிர்க்கும். ராஸ்பெர்ரி வேறு சாதி. வேர் பல வருடம் வாழும், தண்டுக்கு ஆயுள் இரண்டே வருடம். முதல் வருடம் வளரும், இரண்டாம் வருடம் காய்க்கும், அப்புறம் காய்ந்துவிடும். குளிர் குறைவாகக் கேட்கும் ரகங்களில் பல முதல் வருடத் தண்டின் நுனியிலேயே பூக்கும். உங்களுடையது அப்படிப்பட்டதென்றால், அந்த நுனியைத்தான் நீங்கள் மாதா மாதம் குப்பையில் போட்டிருக்கிறீர்கள்!

இனி ஆறு மாதம் நுனியைத் தொடாதீர்கள். பருத்த தண்டு நான்கைந்தை விட்டுவிட்டு, பென்சிலைவிட மெலிந்ததை மட்டும் அடியோடு எடுங்கள். மாலை மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மண்ணை ஓரடி மேடாக்குங்கள். நுனியில் மொட்டு வந்தால் சரி. வராவிட்டால் இந்தச் செடியைக் கைவிட்டுவிடுங்கள். பகலில் 32, 33 டிகிரி போகும் ஊரில் காய்த்தாலும் பழம் சிறுத்துப் பொலபொலவென்று உதிரும்.

உங்கள் ஊருக்கு மைசூர் ராஸ்பெர்ரிதான் என் தேர்வு. குளிர் கேட்காது, பழம் சிவந்து பிறகு கறுக்கும். புதுத் தண்டைக் கட்டைவிரலால் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டும். காய்த்து முடிந்த தண்டு பழுப்பு நிறமாகி வறண்டிருக்கும். வறண்டதைத் தரையோடு வெட்டுங்கள். புதியது இடுப்புயரம் வந்ததும் ஒரே ஒருமுறை நுனி கிள்ளினால் பக்கக்கிளை விட்டு நிறையக் காய்க்கும். முள் பொல்லாதது, தடித்த கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். வளைந்த நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விடும். ஹவாயிலும் கலாபகோஸ் தீவுகளிலும் காட்டையே மூடிய செடி இது. அதனால் பெரிய தொட்டியில் வைத்து, கம்பி கட்டி, நுனியைத் தரையில் படவிடாதீர்கள்.

கன்று கிடைக்கவில்லையா? மல்பெரிக் குச்சி ஒன்று நடுங்கள். கிளையை வெட்டி இலையை உருவிவிட்டால் புதுத் துளிரோடு காய் வரும். உங்கள் முருங்கைக் கைக்கு அதுதான் தோதான செடி.