கொக்கேயினும் இதயத் துடிப்பும்: சுங்கை சிப்புட்டில் வந்த கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், கொக்கேயின் என்ற போதைப்பொருள் இதயத்தை என்ன செய்யும் என்று கோயில் மண்டபத்தில் நடந்த பேச்சு முடிந்ததும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் அரசு ஆஸ்பத்திரியில் இசிஜி (இதயத்தின் மின்சார ஓட்டத்தைத் தாளில் பதியும் சோதனை) எடுத்து ஓய்வுபெற்ற மருத்துவ உதவியாளர்.

நம் தோட்டப் பக்கம் சியாபுதானே (மெத்தாம்பெட்டமின்) அண்ணே ஓடுகிறது? கொக்கேயினைப் பற்றி எதற்கு?

சரிதான், கொக்கேயின் விலைக்கு இங்கே யாரும் வாங்குவது அபூர்வம். ஆனால் நம் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கும் வருகிறார்கள். இரண்டுமே துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். கொக்கேயினுக்கு அதற்கு மேல் ஒரு குணம் உண்டு, அது மரத்துப்போக வைக்கும். 1884-இல் கார்ல் கொல்லர் என்ற மருத்துவர் கண் அறுவைக்கு இதைத்தான் மரப்பு மருந்தாகப் பயன்படுத்திக் காட்டினார்.

கண் மரத்துப்போவதற்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. நரம்புக்குள் சோடியம் பாய்ந்தால்தான் மின்சாரம் ஓடும். கொக்கேயின் அந்த வாசலை அடைக்கிறது, அதனால் வலி தெரிவதில்லை. இதயத் தசையும் சோடியத்தை வைத்துத்தான் துடிப்பைக் கடத்துகிறது. அங்கேயும் அடைத்தால் மின்சாரம் மெதுவாகப் பரவும்.

இசிஜி தாளில் சின்னக் கட்டம் ஒன்று 0.04 விநாடி. நடுவில் ஊசி மாதிரி எழும் கோடு மூன்று கட்டத்துக்குள் முடிந்துவிட வேண்டும். அதிகமாகக் கொக்கேயின் ஏறியவருக்கு அந்தக் கோடு அகன்று, மழுங்கிப் போயிருக்கும். சோடியம் பைகார்பனேட் ஊசி போட்டால், திரையில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு மறுபடி ஒடுங்குவதும் உண்டு. ஆனால் என்ன எடுத்தார் என்று தெரியாமல் அந்த மருந்தை யார் உடனே நினைப்பார்கள்?

இன்னொன்று, பொட்டாசியம் வெளியேறும் வழியையும் இது தடுக்கிறது. அதனால் துடிப்புக்குப் பிறகு இதயம் மறுபடி தயாராக நேரம் பிடிக்கும். இசிஜியில், துடிப்பு தொடங்கி இதயம் மறுபடி தயாராகும்வரை உள்ள நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி நீளும். அது 500 மில்லிவிநாடியைத் தாண்டினால் எனக்கு வயிறு கலங்கும். இதயம் தாறுமாறாக அடித்து ஆள் சுருண்டு விழலாம்.

என் தம்பிக்கு 24 வயது, பந்து விளையாடுகிறான். ஒரே தடவைதான் என்கிறான்.

மாரடைப்பு வந்தவர்களை வைத்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், கொக்கேயின் எடுத்த முதல் ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு ஆபத்து சுமார் 24 மடங்கு. இதய ரத்தக் குழாய் இழுத்துச் சுருங்கும், ரத்தமும் உறையத் துடிக்கும். கொழுப்பு அடைப்பு இல்லாத இளவட்டத்துக்கும் இது வரும். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் நெஞ்சுவலியோடு வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.

பியரோடு எடுத்தால் சமாளிக்கலாம் என்று சொல்கிறார்கள்.

சொன்னவன் கூட்டாளி இல்லை. மதுவும் கொக்கேயினும் சேர்ந்தால் கல்லீரல் கோக்காஎத்திலீன் என்ற பொருளை உண்டாக்கும். அது உடம்பில் கொக்கேயினைவிட நீண்ட நேரம் தங்கி, இதயத்தை இன்னும் கெடுக்கும்.

படபடப்பு வந்தால் அப்பாவின் புரொப்ரனலால் மாத்திரையைக் கொடுக்கலாமா?

கூடாது, கூடவே கூடாது. அது இதயத்தை வேகமாக்கும் பக்கத்தை அடக்கும்போது, ரத்தக் குழாயைச் சுருக்கும் பக்கம் தடையில்லாமல் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் முதலில் பெரும்பாலும் டயஸிபாம் மாதிரி அமைதிப்படுத்தும் மருந்துதான்.

ஹெராயினை விடுவதற்காக மெத்தடோன் மருந்து குடிப்பவர்?

மெத்தடோனும் க்யூடியை நீட்டும். இரண்டும் சேர்வது மோசம். மெத்தடோனை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கிளினிக்கில் சொல்லி இசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் சொன்னால் போலீஸ் வருமே சார்? அதனால்தான் மறைக்கிறோம்.

பயம் எனக்குப் புரிகிறது. "காற்று பிடித்தது" என்று அம்மாக்கள் சொல்லி, நாங்கள் வாயுவுக்கு மருந்து தேடிய கதையெல்லாம் உண்டு. போலீஸ் விஷயத்தை அப்புறம் வக்கீலோடு பார்த்துக்கொள்ளலாம். நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் எது வந்தாலும் 999-க்கு அடியுங்கள். என்ன எடுத்தான், எத்தனை மணிக்கு, எதோடு சேர்த்து, இந்த மூன்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆள் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை கை ஓயக்கூடாது, பக்கத்து வீட்டுப் பையனையும் கூப்பிட்டு மாறி மாறிச் செய்யுங்கள்.