பூஜ்யத்தை எண்ணாதீர்கள், இடத்தை எண்ணுங்கள்: நுண்ணிய எண்கள் பற்றிய கேள்வி-பதில்

மிகச் சிறிய எண்களை 10-இன் அடுக்கோடு எழுதும் அறிவியல் குறியீடு பற்றிக் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் முட்டி நிற்கின்றன. அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

கேள்வி: 0.00000047 என்பதை 4.7 × 10⁻⁶ என்று எழுதினேன். புள்ளிக்குப் பிறகு ஆறு பூஜ்யம்தானே இருக்கிறது? ஆனால் டீச்சர் 10⁻⁷ என்று திருத்திவிட்டார். அந்த ஒன்று எங்கிருந்து கூடியது? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவகோட்டை)

பதில்: டீச்சர் திருத்தியது சரி. பூஜ்யம் எத்தனை என்று எண்ணாதீர்கள். பூஜ்யம் அல்லாத முதல் இலக்கம் புள்ளிக்குப் பின் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இங்கே ஆறு இடங்களைப் பூஜ்யங்கள் பிடித்துக்கொண்டன. 4 நிற்பது ஏழாவது இடம். ஆகவே அடுக்கு −7.

ஏன் அப்படி? அறிவியல் குறியீட்டில் முன்னால் வரும் எண் 1-க்குக் குறையக் கூடாது, 10-ஐத் தொடவும் கூடாது. ஆறு பூஜ்யங்களையும் தாண்டி அங்கேயே புள்ளியை வைத்தால் கிடைப்பது 0.47. அது 1-க்கும் குறைவு. புள்ளி 4-ஐயும் தாண்டி, 4-க்கும் 7-க்கும் நடுவில் போய் உட்கார வேண்டும். நீங்கள் விட்டது அந்தக் கடைசித் தாண்டலைத்தான்.

பென்சில் முனையைப் புள்ளியில் வைத்து, ஒவ்வொரு இலக்கத்தின் அடியிலும் ஒரு சின்ன வளைவு போட்டு, வளைவுக்குள் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போங்கள். 4-இன் அடியில் போடும் வளைவில் 7 விழும். அதுதான் அடுக்கு, புள்ளியை வலப்பக்கம் நகர்த்தியதால் குறைக்குறி. பூஜ்யங்கள் நிறைய இருந்து கண் தடுமாறினால் மூன்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: 0.000 000 47. இரண்டு கட்டு முடிந்தால் ஆறு, அடுத்த கட்டின் முதல் இடம் ஏழு.

சிலர் புள்ளிக்கு முன்னால் உள்ள பூஜ்யத்தையும் சேர்த்து எண்ணி ஏழு என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள். அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். யாராவது .00000047 என்று முன் பூஜ்யம் இல்லாமல் எழுதிக் கொடுத்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். 0.0000407 போன்ற எண்ணில் நடுப் பூஜ்யமும் எண்ணிக்கையில் நுழைந்துவிடும். அங்கே 4 ஐந்தாவது இடத்தில் இருக்கிறது, விடை 4.07 × 10⁻⁵. அடுக்கு ஒன்று பிசகினால் விடை பத்து மடங்கு பிசகும்.

கேள்வி: குறைக்குறி வந்தாலே கடன் மாதிரி, பூஜ்யத்துக்குக் கீழே என்றுதானே அர்த்தம்? பேரனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. (ஓர் ஆச்சி, பள்ளத்தூர்)

பதில்: ஆச்சி, குறைக்குறி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் இருந்தால் நீங்கள் சொல்வது போலக் கடன்தான். 10-இன் தலைமேல் உள்ள அடுக்கில் இருந்தால் 'வகு' என்று பொருள். 10⁻³ என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. பங்கு சின்னதாகிறது, கடனாவதில்லை. ஐந்து ரூபாயை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு 5 × 10⁻³ ரூபாய், அதாவது அரைக் காசு. கையில் இருக்கிற பணம்தான் அது. பேரனிடம் இப்படியே சொல்லுங்கள்.

கேள்வி: ஒரு கூலும் மின்னூட்டம் 0.001118 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும் என்று படித்தோம். கிலோகிராமில் மாற்றினால் எனக்கு 1.118 கிலோ என்று வருகிறது! (பாலிடெக்னிக் மாணவர், காரைக்குடி)

பதில்: நீங்கள் 1000-ஆல் வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டீர்கள். அலகு பெரிதானால் எண் சிறிதாக வேண்டும். முதலில் கிராமிலேயே குறியீடாக்குங்கள்: 1.118 × 10⁻³ கிராம். ஒரு கிராம் என்பது 10⁻³ கிலோ. அடுக்குகள் −3, −3 கூடி −6. விடை 1.118 × 10⁻⁶ கிலோ.

1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இயங்கிவரும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்திருப்பதால் இன்னும் ஒரு படி போகலாம். இந்த 0.001118 சும்மா ஒரு பாட எண் அல்ல. 1908-இல் லண்டனில் கூடிய மாநாடு ஆம்பியரை வரையறுத்ததே இதை வைத்துத்தான்: நொடிக்கு 0.001118 கிராம் வெள்ளியைப் படிய வைக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியர். அந்த எண்ணை நீங்களே வருவிக்கலாம். வெள்ளியின் அணு நிறை 107.87, ஃபாரடே மாறிலி (ஒரு மோல் எலக்ட்ரான்களின் மின்னூட்டம், கூலுமில்) 96485. குறியீட்டில் (1.0787 × 10²) ÷ (9.6485 × 10⁴). முன் எண்களை வகுத்தால் 0.1118, அடுக்கு 2 − 4 = −2. கிடைப்பது 0.1118 × 10⁻². பலர் இங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார்கள். முன் எண் 1-க்குக் குறைவாக இருப்பதால் வேலை முடியவில்லை. 0.1118-ஐ 1.118 ஆக்கினால் அது பத்து மடங்கு பெரிதாகிறது. ஈடுகட்ட அடுக்கு ஒன்று இறங்கி −3 ஆகும்.

கேள்வி: பட்டறைத் தராசு 0.250 கிராம் காட்டுகிறது. கிலோவில் 2.5 × 10⁻⁴ என்று எழுதினால் போதுமா, 2.50 வேண்டுமா? (நகைத் தொழிலாளி, காரைக்குடி)

பதில்: 2.50 × 10⁻⁴ என்று எழுதுங்கள். மதிப்பு ஒன்றுதான், ஆனால் அந்தக் கடைசிப் பூஜ்யம் ஒரு சேதி சொல்கிறது: இந்தத் தராசு மில்லிகிராம் வரை பார்த்தது, அந்த இடத்தில் பூஜ்யம் இருந்தது. அதை நீக்கினால் தராசின் நுட்பத்தையே நீக்கியதாகும். 0.000250-இல் 2-க்கு முன்னால் உள்ள பூஜ்யங்கள் இடம் காட்ட மட்டுமே நிற்பவை. குறியீட்டில் அவை அடுக்குக்குள் போய்விடும். 2, 5, கடைசி 0 ஆகிய மூன்றும் முக்கிய எண்ணுருக்கள். தராசு 0.25 என்று இரண்டு இடம்தான் காட்டுகிறது என்றால் 2.5 × 10⁻⁴ மட்டுமே. நாமாகப் பூஜ்யம் ஒட்டக் கூடாது.

கேள்வி: எஃகின் நீள விரிவு எண் ஒரு புத்தகத்தில் 12 × 10⁻⁶, இன்னொன்றில் 1.2 × 10⁻⁵. எது சரி? (கட்டடப் பொறியியல் மாணவர், கோட்டையூர்)

பதில்: இரண்டும் ஒரே மதிப்பு. முதலாவது பொறியியல் குறியீடு. அதில் அடுக்கு எப்போதும் மூன்றின் மடங்கு: −3 மில்லி, −6 மைக்ரோ, −9 நானோ, −12 பிகோ. முன் எண் 1 முதல் 1000-க்குள் எதுவாகவும் இருக்கலாம். 12 மைக்ரோ என்று வாயால் சொல்ல வசதி என்பதால் பொறியாளர்கள் அதை விடமாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. தேர்வில் 'அறிவியல் குறியீடு' என்று கேட்டால் மட்டும் 1.2 × 10⁻⁵ என்றே எழுதுங்கள். 12-ஐ 1.2 ஆக்கும்போது அடுக்கை −7 ஆக்கிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. முன் எண் பத்தில் ஒன்றாகச் சுருங்கியதால் அடுக்கு ஒன்று ஏற வேண்டும். −6-க்கு மேலே இருப்பது −5.

6 மீட்டர் இரும்பு உத்திரம், 20 டிகிரி வெப்ப ஏற்றம்: 6 × 20 × 1.2 × 10⁻⁵ = 144 × 10⁻⁵ = 1.44 × 10⁻³ மீட்டர். ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. விடை 14 மில்லிமீட்டர் என்று வந்தால் அடுக்கைத் திரும்பப் பாருங்கள்.

கேள்வி: 3.2 × 10⁻⁵, 4 × 10⁻⁷ இரண்டையும் கூட்டினால் 7.2 × 10⁻¹² சரியா? (புதுவயல்)

பதில்: இல்லை. அடுக்குகளைக் கூட்டுவது பெருக்கலில் மட்டும்தான். கூட்டலுக்கு இரண்டையும் ஒரே அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும். 4 × 10⁻⁷ என்பது 0.04 × 10⁻⁵. கூட்டினால் 3.24 × 10⁻⁵. சிறிய அடுக்கைப் பெரிய அடுக்குக்கு ஏற்றுவதே சௌகரியம். −5, −7 இரண்டில் பெரியது −5 என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: கால்குலேட்டரில் விடை எப்போதும் பத்து மடங்கு அதிகமாக வருகிறது. (கல்லூரி மாணவி, காரைக்குடி)

பதில்: 4.7, பெருக்கல், 10, பிறகு 'எக்ஸ்ப்' பொத்தான், −7 என்று தட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். அந்தப் பொத்தானுக்குள்ளேயே '× 10' அடங்கியிருக்கிறது. நீங்கள் தட்டிய 10 உபரி. 4.7, எக்ஸ்ப், −7: அவ்வளவே.

அந்தப் பொத்தானை ஒதுக்கிவிட்டு முழுதாகத் தட்டினால் வகுத்தலில் வேறொரு குழி இருக்கிறது. 6 ÷ 2 × 10⁻³ என்று அப்படியே தட்டினால் இயந்திரம் முதலில் 6-ஐ 2-ஆல் வகுத்து, பிறகு பெருக்கி, 0.003 காட்டும். வேண்டியது 3000. வகுக்கும் எண்ணை அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது எக்ஸ்ப் பொத்தானையே பயன்படுத்துங்கள்.

கேசியோவில் 0.005 கூட 5 × 10⁻³ என்று தெரிகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது 'நார்ம் 1' அமைப்பு, 0.01-க்குக் குறைந்த எதையும் அடுக்கில் காட்டும். 'நார்ம் 2'-க்கு மாற்றினால் 10⁻⁹ வரை சாதாரணத் தசமமாகவே தெரியும்.

கேள்வி: எக்செலில் 0.00000047 போட்டால் 0.00 என்று ஆகிவிடுகிறது. எண் அழிந்துவிட்டதா? (ஆய்வு மாணவர், காரைக்குடி)

பதில்: அழியவில்லை. அந்தக் கட்டம் இரண்டு தசம இடம் காட்டும்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். அமைப்பை 'சயின்டிஃபிக்' ஆக்குங்கள். ஆனால் 0.00 தெரியும் நிலையிலேயே சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதே கோப்பில் போகும். அப்போது எண் உண்மையாகவே தொலைந்துவிடும். வாட்ஸ்அப்பில் விடை அனுப்பும்போதும் இதே கவனம் வேண்டும். தலைமேல் இருக்க வேண்டிய அடுக்கு கீழே விழுந்து '10-7' என்று போனால், படிப்பவர் மூன்று என்று கழித்துப் பார்ப்பார். 10^-7 என்று அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா காலத்துப் பேரேட்டில் முந்திரி, கீழ்முந்திரி என்று பின்னங்கள் வருகின்றன. இவற்றை இன்றைய முறையில் எழுத முடியுமா? (கானாடுகாத்தான்)

பதில்: அழகாக எழுதலாம். மா என்பது 1/20, அதாவது 5 × 10⁻². காணி 1/80, அதாவது 1.25 × 10⁻². முந்திரி 1/320 = 0.003125, முதல் இலக்கமான 3 மூன்றாவது இடத்தில் இருப்பதால் 3.125 × 10⁻³. கீழ்முந்திரி என்பது முந்திரியில் 320-இல் ஒரு பங்கு, அதாவது முந்திரியை முந்திரியால் பெருக்கியது. 3.125 × 3.125 = 9.765625. அடுக்கு −3, −3 கூடி −6. ஆக 9.765625 × 10⁻⁶. முன் எண் 10-ஐத் தொடாததால் திருத்தம் எதுவும் தேவையில்லை. சரிபார்க்க 1-ஐ 102400-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.000009765625 வரும், 9 ஆறாவது இடத்தில் நிற்கும். பேரேட்டில் இதன் அடுத்த பக்கங்களில் இதைவிடச் சிறிய பின்னமான இம்மி வந்தால் அந்த வரியைப் படமெடுத்து அனுப்புங்கள்.